வரப்பின் அகலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை ஷாரோனிடமிருந்து எடுத்தேன், அவளைக் கேட்காமல். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவளிடம் என்ன படிக்கிறாய் என்று சும்மா கேட்டு வைத்தேன். ஏனாத்தூர் யுனிவர்சிட்டியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் நிலத்தில் முப்பது வருஷம் கூலி வேலை செய்த பீட்டரின் மகள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதத் தோன்றுகிறது பாருங்கள், என் புத்தி அப்படி.

அணுக்களை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குளிரவைத்து, லேசர் ஒளியால் ஆன மெல்லிய குழாய்க்குள் அடைப்பார்களாம். பக்கவாட்டில் நகர இடமே கிடையாது. ஒன்றையொன்று தாண்ட முடியாமல் மோதும், திரும்பும், மறுபடி மோதும். அதன் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுவதுதான் அவள் வேலை.

“சாதா காத்துன்னா மோதி மோதிக் கலந்துடும் சார். இதுங்க கலக்காது. எத்தினி ஆயிரம் தபா மோதிக்கினாலும் ஆரம்பத்துல எப்டி இருந்துச்சோ, அத்த மறக்காது.”

எழுதுகிறவனுக்கு இது போதாதா? அன்றைக்கே நோட்டை எடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘பனியினும் குளிர்ந்த ஓர் உலகில், ஒளியின் சிறைக்குள்—’ (தூ. அடித்தாயிற்று.)

இரண்டாவது: ‘பீட்டர் வரப்பில் வருகிறார். எதிரே நிலக்காரர். பீட்டர் சேற்றில் இறங்கி வழிவிட்டு—’

இதையும் பாதியில் விட்டேன். நிலக்காரர் என்று யாரையோ சொல்வதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். அது நான்தான்.*

(* வெங்கடேசன். இரண்டேகால் ஏக்கர். நடவுக்கு முன்னால் வருஷாவருஷம் வரப்பைச் செதுக்குவோம். புல் எடுக்கத்தான் என்று சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் மண்வெட்டி ஒரு விரல் அகலம் கூடவே எடுக்கும், சில வருஷத்தில் அங்கே ஒரு வரிசை நாற்று நிற்கும். பீட்டர் இருந்த தெருக்காரர்களுக்குக் கல்லறைத் தோட்டம் போக அந்த வரப்பை விட்டால் வேறு வழி இல்லை. என் அப்பா காலத்தில் அதில் இரண்டு பேர் ஜோடியாக நடந்தார்கள். இப்போது ஓர் ஆள் போகலாம், அதுவும் பார்த்துக் கால் வைத்தால்.)

3

தை மாதம் பீட்டர் செத்துப்போனார். ஷாரோன் என்கிற பாத்திரத்தை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது. அவள் அழவில்லை.

நடவு முடிந்து நாலாவது நாள். சவப்பெட்டியோடு நாலு பேர் வரப்பு முனைக்கு வந்து நின்றார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று தூக்கிப் பார்த்தார்கள். பெட்டி ஆடியது. வேறு வழியில்லாமல் நாலு பேரும் இரண்டு பக்கமும் என் வயலில் இறங்கினார்கள். நான் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தேன். பின்னால் வந்த ஷாரோன் என்னைப் பார்த்தாள்.

4

முடிவு அ: நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தோள் கொடுக்கிறேன். (இல்லை.)

முடிவு ஆ: மறுநாளே மண் கொட்டி வரப்பை அகலமாக்குகிறேன். (இல்லை. போன வாரம்கூடச் செதுக்கினேன். கை பழகிவிட்டது.)

நடந்தது இதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் வாயைத் திறந்து சொன்னேன்:

“பாத்துப்பா, நாத்து மிதிபடுது.”

தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஷாரோன் குரலை உயர்த்தவில்லை.

“சாவறதுக்கு மொத நாளே அப்பா சொல்லிட்டாரு சார். அவங்க நாத்த மிதிக்காம என்னை எடுத்துக்கினு போங்கன்னு. எங்களாலதான் முடியல.”

இதற்கு மேல் ஐந்து தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒரு வரிகூட நகரவில்லை. இந்தப் பக்கத்தில் பெட்டி இன்னும் வயல் நடுவில்தான் நிற்கிறது. முடிந்தால் நீங்கள் கொண்டுபோய்ச் சேருங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. என்னை நம்பாதீர்கள்.