மானிட்டரின் முதுகு

…இல்லை, நீலம் இல்லை, வெள்ளைதான், வீட்டிலுள்ள பழைய மானிட்டரின் பின்பக்கத்தில், நீலத்துக்குப் பக்கத்திலேயே அதைவிட அகலமாக, லேசாக மஞ்சள் பாய்ந்த வெள்ளையில் ஒரு செருகுவாய் இருந்தது, உள்ளே வரிசை வரிசையாகத் துளைகள், ஓரத்தில் மட்டும் தட்டையாக ஒரு கீறல், அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் கடைக்காரருக்குத்தான். கண்ணாடி மேசை மேல் அடாப்டர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்க்கிறார். "ஒரு போட்டோ எடுத்துட்டு வந்திருக்கலாம்லம்மா? எல்லாரும் ஞாபகம் இருக்குன்னுதான் வர்றாங்க, சாயங்காலம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி வர்றாங்க. கவரப் பிரிச்சுட்டா நான் எடுத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." அதோட பின்பக்கம் எனக்கு மனப்பாடம் அண்ணா, என்றாள். அவர் சிரித்துவிட்டார். "ஊர்ல ஆளுங்க முகத்தையே மறந்துடுறாங்க. மானிட்டரோட முதுக மனப்பாடம் பண்ணின மொத ஆளு நீங்கதான்!"

சிரிக்கட்டும். அவருக்கு எப்படித் தெரியும், ஜன்னலோரத்து மேசையில் அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் இவள், நடுவில் அந்த மானிட்டர், எத்தனை வருடம்… அக்கா ஒரு இன்ஜினியருக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், திரையில் சுவர்களும் கதவுகளும் படிக்கட்டுகளும் முளைத்துக்கொண்டே இருக்கும் என்று அம்மா சொல்லித்தான் தெரியும், இவள் பக்கம் வந்து சேர்ந்தது முதுகு மட்டும்தான். காற்றுக்காக விட்ட கோடுகள், கிழிந்த வாரண்டி ஸ்டிக்கர், நீலச் செருகுவாயில் தொங்கும் வயர், ஒருநாளும் யாரும் எதையும் செருகாத வெள்ளை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதைத்தான் பார்ப்பது? அதைத்தான் பார்த்தாள். அதைப் பார்க்காத நேரத்தில்… சரி, அது இப்போது எதற்கு. நாலு மணிக்கு டெஸ்ட். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடும் கம்பெனி, போன தடவை லேப்டாப்பின் கையகலத் திரையில் படத்துக்கும் எழுத்துக்கும் மாறி மாறித் தாவி, நடிகன் வாயை மூடிய பிறகு இவள் வாக்கியம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மொழி நன்றாக இருக்கிறது, வேகம் போதாது, இன்னொரு முறை பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த இன்னொரு முறைதான் இன்றைக்கு. இதுவும் போனால் திங்கட்கிழமை சித்தப்பாவின் ஆடிட் ஆபீஸ், அவர் நாற்காலியைக்கூடக் காட்டிவிட்டார், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், சுவரைப் பார்த்தபடி. ஃபேனுக்கு நேர் கீழடி, உனக்காகவே ஒதுக்கி வச்சேன் என்றார், பாவம், நல்ல மனசு. லேப்டாப் திரையில் படம், அந்தப் பழைய மானிட்டரில் எழுத்து, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும், அது இருந்தால் பிய்த்து உதறிவிடுவாள்.

கடைக்காரர் ஒரு நீல அடாப்டரை முன்னால் தள்ளுகிறார். இதான் ஓடும், பழைய மானிட்டர்னா நீலம்தான், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. கண்ணைத் திறந்துகொண்டே திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இது தலைகீழ். பழைய கம்ப்யூட்டரப் புது டிவியில மாட்டுற ஆளுக்கு இது. எனக்குப் புதுசுலேருந்து பழசுக்குப் போகணும்." அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தை முணுமுணுத்துப் படித்து, அட ஆமா, ரெண்டும் ஒரே மாதிரி இருந்து தொலைக்குது என்று சரியான நீலத்தை எடுத்து வைத்தார். சரியான நீலமும் வேண்டாம். நீலத்தில் போகிற படம் வழியில் ஒருமுறை அலையாகிப் பிறகு திரும்பப் படமாகிறது, சினிமா பார்க்கிறவனுக்கு அது தெரியாது, நாள் முழுக்க எழுத்தையே உற்றுப் பார்க்கிறவளுக்குத் தெரியும், எழுத்தின் ஓரங்கள் ஈரத்தில் ஊறியது மாதிரி பிசிறடிக்கும். வெள்ளையில் எது புறப்பட்டதோ அதுவே போய்ச் சேரும். போட்டோ இல்லை, போன் செய்து கேட்டால் அம்மா ஸ்விட்ச் போர்டை வர்ணிப்பாள், இருக்கட்டும். "வெள்ளைக்குப் போறத கொடுங்க." "யோசிச்சுக்கோங்கம்மா…" "யோசிச்சாச்சு அண்ணா." தலையை ஆட்டிக்கொண்டே கவரில் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் பார்ப்போம் என்றார். பார்க்க மாட்டீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தெருவில் இறங்கியதும் அக்கா கூப்பிட்டாள், வேறு ஊரிலிருந்து, ஆபீசின் இரைச்சல் பின்னால். வாங்கிட்டியா சின்னு? வாங்கியாச்சு, வெள்ளை. "வெள்ளையா? அதுல வெள்ளைன்னு ஒண்ணு இருக்கா என்ன?" இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, எதிரே வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார். "எத்தன வருஷம்டி அதுக்கு முன்னாடி உக்காந்திருந்தே!" "முன்னாடிதானே உக்காந்திருந்தேன். பின்னாடி இருந்தது நீதான்." அதுவும் சரிதான். எங்க வைக்கப் போற என்று கேட்டாள். உன் இடத்துலதான். வை, வை, அங்கேருந்து எல்லாம் நல்லாத் தெரியும் என்றாள் அக்கா. ஜன்னல் வெளிச்சத்தைச் சொல்கிறாள் போல. யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள். இந்த டெஸ்ட் விளம்பரத்தை அனுப்பியதும் அவள்தான், ஒரு வரி, 'இது உனக்குச் சரியா வரும்', அவ்வளவுதான், எதற்கு இவளுக்குச் சரியாக வரும், கணக்குப் படித்தவளுக்கு? கண்ணில் படுவதையெல்லாம் எல்லோருக்கும் அனுப்புகிறவள், அப்படித்தான் இதையும் அனுப்பியிருப்பாள்.

வீட்டில் அம்மா அப்பாவின் சட்டையையும் ஊசிநூலையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்காக இவளுடைய பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பெட்டியிலேருந்து புகை கிகை வந்துடாதே?" வராதும்மா. மானிட்டரைத் துடைத்து அந்தக் குட்டி மர மேடை மேல் ஏற்றினாள், அக்கா கழுத்து வலிக்கிறது என்று தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்ட மேடை, கீழே கையகல இடைவெளி, அதில் ஸ்கேலும் டேப்பும் கிடக்கும். இவளுடைய பழைய பக்கத்திலிருந்து பார்த்தால் எலி வளை மாதிரி எப்போதும் இருட்டு. கையைப் பின்னால் விட்டு, பார்க்காமலேயே, விரலால் நீலத்தைத் தாண்டி வெள்ளையைத் தொட்டாள், அடாப்டர் இடறாமல் உள்ளே போனது, இரண்டு பக்கத் திருகையும் முடுக்கினாள். கருப்பு… இன்னும் கருப்பு… சட்டென்று வெளிச்சம். எழுத்துகள் ஒவ்வொன்றும் கத்தரித்து ஒட்டியது மாதிரி நின்றன. கடைக்காரரே, வாங்க, வந்து பாருங்க! அக்காவின் நாற்காலியை இழுத்துப் போட்டு முதன்முறையாக அந்த முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் ஸ்கேலை ஒதுக்கக் குனிந்தாள், அப்போது அம்மாவின் கைகள் தெரிந்தன. மேடைக்குக் கீழே, அந்த இடைவெளியில், சட்டம் போட்டு மாட்டியது மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று, பொத்தானின் துளைகள்கூட, ஊசி உள்ளே போய் வெளியே வருவதுகூட… அங்கிருந்து பார்த்தால் இருட்டு, இங்கிருந்து பார்த்தால் சினிமா. அவள் நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். சரியாக அந்த இடத்தில்தான், கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து, பனியும் ரயிலும் யார் யாரோ வெளிநாட்டுக்காரர்களும் வரும் நாவல்களை இவள் படித்தது, பழைய பில்களின் முதுகில் அவர்கள் பேசுவதையெல்லாம் பென்சிலால் தமிழில் எழுதி எழுதி அழித்தது, ஒரு சொல் கிடைத்துவிட்டால் மேசையில் விரலால் தாளம் போட்டது, மானிட்டர் மறைக்கிறது என்ற தைரியத்தில், அந்த முதுகுக்குப் பின்னால் தனக்கு மட்டும் ஓர் அறை இருக்கிறது என்ற நிம்மதியில்… அக்கா எதிரில் இருந்தாள். ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. கணக்குப் பரீட்சையை இவள் பாதியில் விட்டபோது எல்லோரும் அதிர்ந்தார்களே, அவள் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே. இது உனக்குச் சரியா வரும்…

"என்னடி, என் கையையே பாக்குற?" ஒண்ணுமில்லம்மா. மணி நாலு. திரையில் ஒரு மனிதன் மழைக்கோட்டோடு கதவைத் திறந்து, மூச்சை இழுத்து, பேச வாயைத் திறந்தான், அவன் முடிக்கும் முன்பே வாக்கியம் இவள் விரலுக்கு வந்துவிட்டது, தட்டினாள், அடுத்தது, அதற்கு அடுத்தது, ஒன்றும் தப்பவில்லை, திங்கட்கிழமையாவது பீரோவாவது… கைகள் ஓடிக்கொண்டிருக்க, அவளுக்குள் வேறொன்று மெல்ல எழுந்து வந்து நின்றது. அந்த மேடை செய்வதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அக்கா ஒருநாள்கூடக் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டதை இவள் பார்த்ததே இல்லையே.