பதினெட்டாவது நோட்டு

சவப்பெட்டிக்குள் லியாண்ட்ரோ வெள்ளைச் சட்டையில் கிடந்தான். வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போக ஆங்கிலப் பரீட்சை எழுதவிருந்த பையன். பஸ் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பாடம் எடுத்த டெல்ஃபினா ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினாள்.

"நேரா வீட்டுக்குப் போயிடாதடி," என்று கூட வேலை பார்க்கும் கோரிங் அவள் கையைப் பிடித்தாள். "எங்கயாவது நின்னு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ. இல்லன்னா செத்தவன் பின்னாலயே வந்துடுவான்."

"பிள்ள காய்ச்சல்ல கெடக்கு. இப்ப எனக்குக் காப்பி ஒண்ணுதான் கேடு!"

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் இந்த வழக்கத்தை யாரும் மீறமாட்டார்கள். இவள் மீறினாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

வீட்டில் நாலு வயது பியா அனலாய்க் கொதித்தாள். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போனாள். டெல்ஃபினா மருந்து கொடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மனசை மாற்ற நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். 'பை தி டைம்' என்று தொடங்கி ஆளுக்கு நாலு வாக்கியம். ஒன்று நடப்பதற்குள் இன்னொன்று முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் வாங்கியது பதினேழு நோட்டு. இப்போது பதினெட்டு இருந்தன.

கடைசி நோட்டில் லியாண்ட்ரோவின் கையெழுத்து. உயிரோடிருந்தவரை ஒரு வாக்கியம் ஒழுங்காக எழுதியதில்லை, பாவம். இதில் ஒரு பிழை இல்லை.

மேம் தெருவுக்கு வருவதற்குள் மெழுகுவத்தி அணைந்திருந்தது.

மேம் வீடு சேர்வதற்குள் நான் உள்ளே வந்திருந்தேன்.

மேம் மருந்து கொடுப்பதற்குள் பாப்பா பக்கத்தில் படுத்திருந்தேன்.

மேம் இதைத் திருத்தி முடிப்பதற்குள் பாப்பா...

அதோடு நின்றிருந்தது. மை இன்னும் காயவில்லை.

டெல்ஃபினா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஐயோ, அவன் முடிப்பதற்குள் நாம் முடித்துவிட வேண்டும் என்று சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருப்பாள்' என்று கிறுக்கி, டிக் போட்டாள்.

மடியில் சூடு சட்டென்று இறங்கியது. பியா எழுந்து உட்கார்ந்தாள்.

"என் தங்கமே!" என்று அழுதபடி அவளை வாரி அணைத்தாள் டெல்ஃபினா.

பிள்ளை கூச்சத்தோடு கைகளை விலக்கி நகர்ந்து உட்கார்ந்தது.

"மேம், எங்கம்மா அங்க தனியா அழுதுட்டிருப்பாங்க," என்றது. "என்னைக் கொண்டுபோய் வீட்டுல விடுறீங்களா?"