வேலி நகர்ந்த வருஷம்

அந்த அட்டையைத் தட்டச்சு செய்தது நான்தான். ‘ஈயத் திருடர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட மரத்தட்டுகள், 1971.’ மலாயில் ஒரு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. சீன எழுத்தை மட்டும் அச்சுக்கடையில் கொடுத்து வாங்கினேன். சுவரில் ஒட்டியபின் இரண்டடி தள்ளி நின்று வரி கோணவில்லையே என்று பார்த்தேன். வரியைத்தான் பார்த்தேன்.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், ஒரு காலத்தில் ஈயத்தாது வாங்கி விற்ற கடையின் இரண்டு மாடிகள்தான் எங்கள் ஊர் அருங்காட்சியகம். கட்டடம் டத்தோ யாப் குடும்பத்துடையது. டத்தோ என்பது அவர் பட்டம்; அருங்காட்சியகத்துக்குத் தலைவரும் அவர்தான். என் அப்பா அவர்களுடைய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், முப்பது வருஷம் பம்பு ஓட்டியவர் என்பதால், நகராண்மைக் கழகத்தில் என் வேலை போனபோது டத்தோ என்னை இங்கே கூப்பிட்டு உட்காரவைத்தார். பொருள்களைத் துடைப்பது, அட்டை எழுதுவது, மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் பொதுப் பேச்சுக்கு நாற்காலி போடுவது எல்லாம் தவமணியாகிய என் பொறுப்பு.

லம்பத்தின் நூறாவது ஆண்டுக் கண்காட்சி திறந்த மூன்றாம் நாள், சந்தையில் தௌபு என்னும் சோயாக்கட்டி விற்கும் சொங் நியுக் லான் வந்தாள். ஐம்பத்தேழு வயது. இடுப்பில் கட்டிய ரப்பர் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. பன்னிரண்டு தட்டுகள் மாட்டியிருந்த சுவருக்கு நேராகப் போய், நாலாவது தட்டின்கீழ் நின்றாள்.

“இத இறக்கு” என்றாள் சந்தை மலாயில்.

“தொடக்கூடாதுக்கா. காட்சிப் பொருள்.”

“நான் தொட்டுத் தொட்டுத்தான் அது அப்படி வழவழன்னு கெடக்கு. இறக்குலா.”

இறக்கினேன். அவள் தட்டைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு வெடிப்பு. பிஸ்கட் டின்னை வெட்டி அதன்மேல் ஒட்டுப் போட்டிருந்தது. மூன்று மூலையில் ஆணி இருந்தது, நாலாவதில் இல்லை.

“அன்னிக்கு மூணு ஆணிதான் கெடச்சுச்சு” என்றாள். பிறகு அட்டையில் இருந்த சீன எழுத்தை விரலால் தொட்டாள். “இதுல திருடருன்னு போட்டிருக்கு. யாரு எழுதுனது?”

“கம்பெனி குடுத்த வாசகம்கா. அடிச்சது நான்.”

“அப்ப கிழிக்கிறதும் நீதான்.”

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தன் பாஸ் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஓடை மண்ணைத் தட்டில் அரித்து ஈயம் எடுக்க அந்தக் காலத்தில் பெண்களுக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதி அது. அகல ஓலைத்தொப்பியும் முறைத்த பார்வையுமாக இருபத்துநாலு வயது நியுக் லானின் படம். 1971-ஆம் வருஷத்து முத்திரை. இடம் என்ற வரியில் ‘மரப்பாலத்துக்குக் கீழ் ஓடை’ என்று எழுதியிருந்தது.

அதன் நகலை எடுத்துக்கொண்டு டத்தோவின் அறைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“தவமணி, அந்த ஓடை வேலிக்கு உள்ள இருந்த ஓடை. எங்க காவலாளிங்க புடிச்சாங்க, தட்ட வாங்கி வெச்சாங்க. அம்புட்டுதான். அந்தம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு.”

கீழே வந்து அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே சொன்னேன்.

“டீயா? நான் கோப்பிதான் குடிப்பேன்” என்றாள் நியுக் லான். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தாள். சனிக்கிழமை, மூன்று மணி, ‘லம்பத்தில் திருட்டும் பாதுகாப்பும்’, பேசுபவர் முன்னாள் மேலாளர் ஃபோங் சீ வெங். “யாரும் வரலாம்னு போட்டிருக்கே. யாரும்னா நானும்தானே?”

எங்கள் சனிக்கிழமைப் பேச்சுக்கு வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். அதில் பாதிப்பேர் ஏர்கோன் குளிரில் தூங்க வருபவர்கள். அன்று நியுக் லான் பதினோரு பெண்களோடு வந்தாள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஓலைத்தொப்பியைக் கழற்றாமல் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் திரை தெரியவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றச் சொன்னார். “வெயில்ல முப்பது வருஷம் கழட்டல, ஒனக்காகக் கழட்டணுமா?” என்றாள் ஒருத்தி.

ஃபோங் படம் படமாகக் காட்டினார். காவல் கோபுரம், காவல் நாய்கள், கம்பிவேலி. “இந்தப் பொம்பளைங்க எலி மாதிரி. எந்த ஓட்டையிலயும் பூந்துருவாங்க” என்றார். டத்தோ சிரித்தார். முதல் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் நியுக் லான் எழுந்தாள்.

“நான் நாலாவது தட்டு. என் பாஸ்ல ஓடைன்னு எழுதியிருக்கு. ஓடையிலதான் நின்னேன். நான் எப்புடித் திருடி?”

“ஓடை வேலிக்கு உள்ள இருந்துச்சு, அம்மா” என்றார் ஃபோங்.

“நாங்க வேலிய தாண்டலங்க. காலையில வந்து பாத்தா, வேலி எங்களத் தாண்டி நிக்குது.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஃபோங்கின் முகம் சிவந்தது. “முப்பது வருஷம் கழிச்சு என்ன கதை வேணாலும் சொல்லலாம். உங்கள்ல ஒருத்தர்கூட உள்ள வரலயா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க பாப்போம்.”

பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இரண்டாவது வரிசையில் லாய் கியூ எழுந்தாள். கோழிச்சோறு விற்பவள், ஒல்லி உடம்பு, கரகரத்த குரல்.

“நான் வந்தேன். ரெண்டு தடவ. பழைய வேலிக்கும் உள்ள.”

“ஒக்காருடி!” என்று நியுக் லான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எதுக்கு ஒக்காரணும்? கேக்குறாரு, சொல்றேன்.” லாய் கியூ கையை உதறினாள். “மிஸ்டர் ஃபோங், உங்க லம்பத்துல மண்ணு சரிஞ்சப்போ என் வீட்டுக்காரர் உள்ள இருந்தாரு. மூணு நாள் கழிச்சு பொணமா எடுத்தீங்க. ஒரு மூட்ட அரிசிய வாசல்ல எறக்கிட்டுப் போனீங்க. அரிசி தீந்த அன்னிக்கு நான் உள்ள வந்தேன். நாய் தொடையில கடிச்சுது. தழும்பக் காட்டட்டுமா, இல்ல படத்துலயே காட்டுறீங்களா?”

ஃபோங் தண்ணீர்க் குவளையை எடுத்தார். டத்தோதான் சமாளித்தார். “பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அட்டை சரியாத்தான் இருக்கு. நன்றி, எல்லாரும் பலகாரம் சாப்புட்டுப் போகலாம்.”

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு வரைபடங்களும் கண்ணில் பட்டன. பக்கவாட்டுச் சுவரில் நானே மாட்டியவை, வரலாற்றுக்கு ஒன்றும் அழகுக்கு ஒன்றும் என்று. ஒன்று 1968. மற்றது 1971. மாட்டிய நாளிலிருந்து தினமும் துடைத்திருக்கிறேன். முதல் படத்தில் வேலி ஓடைக்கு வடக்கே, லம்பத்தை ஒட்டி நின்றது. இரண்டாவதில் ஓடையைத் தாண்டித் தெற்கே நின்றது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடைக்கரை நிலத்துக்கான குத்தகைப் பத்திரம் இருந்தது. அதற்கும் நான்தான் அட்டை எழுதியிருந்தேன்: 1973.

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சம்பளமும்தான். ஆனாலும் சுவர்ப்பக்கம் நடந்தேன்.

“தவமணி, ஒக்காரு” என்றார் டத்தோ.

“நின்னுக்கிட்டுதான் டத்தோ இதையெல்லாம் மாட்டினேன். நின்னுக்கிட்டே காட்டிர்றேன்.” முதல் படத்தில் விரலை வைத்தேன். “அறுபத்தெட்டுல வேலி இங்க. எழுபத்தொண்ணுல இங்க. இந்த நெலத்துக்குக் குத்தகை கெடச்சது எழுபத்துமூணுல. நடுவுல ரெண்டு வருஷம் அந்த ஓடை யாரோடது? இவங்க கையில பாஸ் இருந்துச்சு. கம்பெனி கையில என்ன இருந்துச்சு?”

தூங்க வந்தவர்கள்கூட எழுந்து வரைபடத்தின்முன் கூடினார்கள். நியுக் லான் நேரே தட்டுகள் இருந்த சுவருக்குப் போய்த் தன்னுடையதைக் கழற்றினாள். மற்றவர்களும் போனார்கள். “இது என்னோடது, பாரு, விளிம்புல பல்லு போன மாதிரி இருக்கு.” “அது எங்க அக்காவோடது, அவ செத்துட்டா, நான் எடுத்துக்குறேன்.” டத்தோ போலீசுக்குப் போன் செய்தார்.

சார்ஜன் மிஸ்கான் வந்தபோது பன்னிரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன புகார், டத்தோ?”

“திருட்டு. கண்ணு முன்னாலயே எடுத்துட்டாங்க.”

சார்ஜன் சுவரில் இருந்த அட்டையை நிதானமாகப் படித்தார். “கைப்பற்றினதுன்னு போட்டிருக்கு. போலீஸ் கைப்பத்துச்சா?”

“எங்க காவலாளிங்க.”

“அப்ப காகிதம் எதுவும் இருக்காதே.” நியுக் லானின் பாஸ் புத்தகத்தைப் புரட்டினார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “டத்தோ, நீங்க திருட்டுப் புகார் குடுத்தா நான் எழுதிக்குவேன். இவங்களும் ஒண்ணு குடுப்பாங்க. அதையும் எழுதணும். ராத்திரி நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க.”

டத்தோ மறுநாள் போகவில்லை.

வாசலில் நியுக் லான் லாய் கியூவை மறித்தாள். “ஒன் தட்ட வெச்சிட்டுப் போ. எங்க பேரக் கெடுத்துட்டியே. அந்த அட்டை ஒனக்குத்தான் பொருந்தும்.”

“பொருந்தட்டுமே” என்றாள் லாய் கியூ. திரும்பி உள்ளே போனாள். சுவரிலிருந்த அட்டையை மூலை கிழியாமல் பிரித்தெடுத்தாள். “என் கடையில மாட்டிக்கிறேன். கோழிச்சோறு சாப்புட வர்றவன் படிச்சிட்டு சாப்புடட்டும்.” சொன்னபடியே மாட்டினாள். இரண்டு பெண்களும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை எனக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. என் சேவை இனித் தேவையில்லையாம். அடுத்த மாதப் பேச்சு, பழுதுபார்ப்பு வேலை காரணமாக ரத்து என்று அருங்காட்சியகக் கதவில் ஒட்டினார்கள். உள்ளே ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான் நியுக் லானின் கடைக்குப் போனேன். “மண்டபத்தப் பூட்டிட்டாங்கக்கா.”

“பேச்சுக்கு மண்டபம் எதுக்கு? வாய்தானே வேணும்?” என்றாள். “ரெண்டு மணிக்கு மேல சந்தை காலி. இங்கயே வெச்சுக்குவோம்.”

அடுத்த முதல் சனிக்கிழமை, மீன் மேசைகளைக் கழுவிவிட்டுக் கொடிக்கயிற்றில் வரைபட நகல்களைத் தொங்கவிட்டேன். இருநூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். பழைய லம்பத் தொழிலாளிகள், பள்ளி ஆசிரியர்கள், ஈப்போவிலிருந்து ஒரு பேருந்து ஆட்கள். நியுக் லான் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சந்தையே அதிரக் கத்தியவள், கூட்டத்தைப் பார்த்ததும் ஏப்ரன் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் தண்ணியில எறங்கிருவோம்” என்று கோழிச்சோற்றுக் கடைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. லாய் கியூ. இலையில் சோறு வைத்தபடியே பேசினாள்.

“அஞ்சு மணிடி!” என்றாள் நியுக் லான் பெட்டிமேலிருந்து. “நாலு மணிக்கு நீ கொறட்ட விட்டுக்கிட்டிருப்ப.”

“நீ அஞ்சுக்கு. நான் நாலுக்கு. நல்ல மண்ணு மொதல்ல வர்றவளுக்குத்தான்.”

“அதான் என் மண்ணுல கைய வெச்சியா?”

கூட்டம் சிரித்தது. அடுத்த ஒரு மணி நேரமும் அப்படியே போனது. ஒருத்தி சொல்ல மற்றவள் மறுத்தாள், மறுத்ததை இன்னொருத்தி திருத்தினாள். குனிந்தபடி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அரித்தது, அட்டைப்பூச்சி, காவல் நாய்களின் பெயர்கள், வேலி நகர்ந்த காலை. கைதட்டல் அடங்கியபின் நியுக் லான் பெட்டியிலிருந்து இறங்கிக் கோழிச்சோற்றுக் கடையில் போய் உட்கார்ந்தாள். சோறு வந்தது. கூட்டத்தின் முன்னால் சண்டை போட்டதைத் தவிர, இருவரும் அப்போதும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கோழித்தோலை அதிகம் வைத்திருந்தாள் லாய் கியூ.

இப்போது ஒரு கிளினிக்கில் எழுத்தராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சந்தை. நான்காவது பேச்சுக்கு ஃபோங் வந்தார். கடைசித் தூணருகே நின்று கேட்டுவிட்டு, கேள்வி நேரத்துக்கு முன்பே போய்விட்டார். அருங்காட்சியகத்திலிருந்தும் ஆள் வந்தது: மண்டபம் திறந்திருக்கிறது, தட்டுகளைத் திருப்பித் தந்தால் வெறும் ‘மரத்தட்டுகள்’ என்று மட்டும் எழுதுவார்களாம். பெண்கள் கலந்துபேசக்கூட இல்லை. வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வரும் மாதப் பேச்சு அந்த மண்சரிவைப் பற்றி. செத்தவர்கள் ஐந்து பேர் என்று கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் வீடு வீடாகப் போய் இதுவரை பதினாலு பெயர் எழுதியிருக்கிறோம். போன வாரம் டத்தோவின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: அந்தத் தலைப்பில் பேசினால் வழக்குப் போடுவோம். நான் அதைச் சத்தமாகப் படித்து மொழிபெயர்த்தேன். நியுக் லான் லாய் கியூவின் முகத்தைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் நேராகக் கேட்டாள்.

“என்னடி சொல்ற?”

“ஒம்பது பேரு கணக்குல வரல, அதுல என் வீட்டுக்காரரும் ஒருத்தர்” என்றாள் லாய் கியூ. “வக்கீலையும் வரச் சொல்லு. மொத வரிசையில எடம் போடுவோம்.”

சனிக்கிழமை, மூன்று மணிக்கு. அறிவிப்பை நேற்றே சந்தை வாசலில் ஒட்டிவிட்டேன்.