நானூற்றுப் பன்னிரண்டு நாள் குழாய்

பழைய புகார் நோட்டுகளை மூட்டை கட்டிவிட்டு, ஆலையின் பராமரிப்பு வேலை முழுவதும் அன்று மாலை புதிய மென்பொருளுக்கு மாறவேண்டும். ஒரே ஒரு புகார் நிலுவையில் இருந்தாலும் மென்பொருள் மாற்றத்தை ஏற்க மறுத்துவிடும். எல்லாம் முடிந்துவிட்டதென்று போர்மேன் மேலாளரிடம் மார்தட்டியிருந்தார்.

ஆனால் திரையில் ஒரு வரி சிவப்பாக நின்றது. 'சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. 412 நாள். பொறுப்பு: போர்மேன்.'

"நம்ம கேன்டீன் குழாயா?" என்றார் மேலாளர்.

போர்மேன் திரையை உற்றுப் பார்த்தார். அது அவர் வீட்டுக் குழாய். நோட்டுகளை மென்பொருளில் ஏற்றியவள், ஸ்டோரில் வேலை பார்க்கும் அவர் மனைவி.

ஸ்டோருக்கு ஓடினார். "ஏம்மா, மானத்த வாங்கறியே! அத அழிச்சுடு."

"அழிக்க முடியாதுங்க. புகார் கொடுத்தவங்க சரின்னு சொன்னாத்தான் முடியும்."

"அப்ப சரின்னு சொல்லேன்!"

"எப்படிச் சொல்றது? இன்னும் சொட்டுதே."

மதிய இடைவேளையில் போர்மேன் வீட்டுக்குப் பறந்தார். வாஷர் மாற்றப் பத்தே நிமிடம்தான் ஆனது. நனைந்த தலையும் சொட்டாத குழாயுமாக ஒரு போட்டோ எடுத்து மென்பொருளில் ஏற்றினார்.

சிவப்பு வரி பச்சையானது. அதன் கீழே குறிப்பு ஒன்று வந்தது. 'வேலை திருப்தி. தலையைத் துவட்டவும். நீலச் சட்டை பீரோவில் இரண்டாவது தட்டில்.'

நீலச் சட்டையில் அவர் திரும்பியபோது, மேலாளர் உட்பட ஆலையே அதைப் படித்து முடித்திருந்தது.