கறுத்த கிழங்கு

ஜெயபாய் மூன்றாவது கிழங்கையும் பிளந்தாள். அதுவும் நடுவில் கறுத்து அழுகியிருந்தது. இலைகள் என்னவோ கரும்பச்சையாகத் தழைத்துத்தான் நின்றன. குருத்து மட்டும் கருகிப்போயிருந்தது.

தோவாளைக்குக் கிழக்கே இருந்த அந்த இருபது சென்ட் வயல் அவளுடைய அப்பா சீதனமாகக் கொடுத்தது. அதில் சர்க்கரை பீட்ரூட் போட்டுப் பார்க்கலாம் என்று விவசாய இலாகாவின் கிருஷி இன்ஸ்பெக்டர் ததேயுஸ் சொன்னபோது, கணவன் ஏசுஅடிமை அரைமனதாகத்தான் சம்மதித்தான். ஒரே ஒரு தடவை. விளையாவிட்டால் அடுத்த சாகுபடிப் பூவிலிருந்து வயல் அவன் கைக்குப் போகும், நெல் நடுவான்.

ஏழு மாத வயிற்றோடு சாணமும் சருகும் சுமந்து கம்போஸ்ட் குழியை நிரப்பினாள். அமோனியா சல்பேட்டை அளந்து போட்டாள். பிறகு பிரசவம். அவள் வெளியே இறங்க முடியாத அந்த நாற்பது நாளில் அவனுக்கு விட்டது ஒரே வேலை. வெங்காரத்தைத் தண்ணீரில் கரைத்து மூன்று முறை தெளிக்க வேண்டும். நகை பற்றவைக்கிற அதே வெங்காரம்தான். இன்ஸ்பெக்டர் அதைப் போராக்ஸ் என்பார்.

“தெளிச்சியளா?” என்று கேட்டபோதெல்லாம், “தெளிச்சாச்சுட்டி” என்றான்.

இப்போது கிழங்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “வெங்காரம் தெளிச்ச கிழங்கா இது?”

ஏசுஅடிமை வரப்பைப் பார்த்தான். “வெறுந் தண்ணியத்தான் தெளிச்சேன். தங்கச்சிக்க மாலையப் பத்தவைக்கதுக்கு கோலப்பன் ஆசாரிகிட்ட வெங்காரம் இல்ல. பொட்டலத்த அவருக்குக் குடுத்துட்டேன். எல நெல்லுப்பயிரு மாதிரி கறுகறுன்னு நிக்கே, சல்பேட்டு போதும்னு நெனச்சேன். ஒரு நுள்ளு பொடிக்கு இவ்வளவு ஆவேசமாட்டி?”

“பொடிக்கா? பச்சப்பிள்ளைய மடியில போட்டுட்டுக் கேட்டேனே, எனக்க மொகத்தப் பாத்து மூணு தடவ பொய் சொன்னியளே! அன்னைக்கே சொல்லியிருந்தா நாகர்கோவிலுக்கு ஆளனுப்பியிருப்பேன். உங்க தங்கச்சி கழுத்துல கெடக்கது மாலையில்ல, எனக்க வயலு!”

அதற்குள் ததேயுஸ் வந்துவிட்டார். கிழங்குகளைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இந்த மண்ணுக்கு இது ஒத்துவராதும்மா. அப்படியே எழுதிருதேன்” என்று சோதனைப் பயிர்க் காகிதத்தில் எழுதத் தொடங்கினார்.

ஏசுஅடிமை விட்டுவிடு என்று அவளுக்குக் கண் காட்டினான். அந்தக் கண் ஜாடையில்தான் அவளுக்கு உச்சி கொதித்தது.

“மண்ணைக் குத்தம் சொல்லாதீங்க சார். வெங்காரமே தெளிக்கல்ல. இவிய வெறுந் தண்ணியத் தெளிச்சிட்டு என்னை ஏமாத்தினாவ.”

“ஏட்டி, வெளியாளு முன்னால...”

“வெளியாளுக்க பேப்பர்ல பொய் ஏறணுமா?”

ததேயுஸ் எழுதியதை அடித்தார். “அப்போ இது பரீட்சையே இல்ல. கம்போஸ்டு, சல்பேட்டு, போராக்ஸ் மூணும் சேர்ந்தாத்தான் கணக்கு. இன்னொரு தடவ போடலாம், சம்மதம்னா.” பழக்கதோஷத்தில் அவர் ஏசுஅடிமையைப் பார்த்தார்.

“அங்க என்ன பாக்கீங்க? வயலு எனக்குள்ளது” என்று காகிதத்தைப் பிடுங்கி, மண் கையோடு தன் பெயரை எழுதினாள் ஜெயபாய்.

ஏசுஅடிமை மெல்லக் குனிந்து, வரப்பில் கிடந்த, மருந்து தெளிக்கிற கைப்பம்பை எடுக்கப் போனான்.

“அதத் தொடாதீங்க” என்றாள்.