ஒரு ஆள் மேலே வரவில்லை

ஷைலா சாக்பீஸோடு சுவரோரம் குந்தியிருந்தாள். பக்கத்தில் பெட்டிக்குள் அவள் அப்பா ஹரோல்ட், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் சாய்ந்து சாய்ந்து, நீலச் சுவரில் அவர் எழுதியிருந்த கணக்கில் பாதியை முதுகிலேயே துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அழிந்ததை அவள் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இது? பாஸ்டர் வந்து நிக்கிறாரு. பெட்டி மூடணும்,” என்றான் தம்பி ஃப்ரெடி.

“இரு. அப்பா எங்கிட்ட குட்த்துட்டுப் போன வேலை. முடிக்காம மூட வுட மாட்டேன்.”

“செத்த வூட்ல கணக்கு போட்டுகினு... ஜனங்க இன்னா நெனைக்கும்?”

“நெனைக்கட்டும்.”

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. அதுதான் எண். அதைவிடச் சிறிய எண்களில், அதை மீதமில்லாமல் வகுப்பவற்றையெல்லாம் கூட்டினால் அதுவே திரும்ப வரும். நிறைவெண் என்று பெயர். ஆறை வகுக்கிற ஒன்று, இரண்டு, மூன்றைக் கூட்டினால் ஆறே வருகிற மாதிரி. எங்கோ இதை வாசித்த ஹரோல்டுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது, தன் கையால் கூட்டிப் பார்த்தே தீருவதென்று. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமாக ஆறு வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. எத்தனை முறை கூட்டியும் ஐந்துதான்.

தங்கச் சுரங்கம் மூடும்வரை மாரிகுப்பத்து ஷாஃப்ட் குழியின் வாயிலில் நின்று, கேஜ் கூண்டில் இறங்குகிறவர்களையும் ஏறி வருகிறவர்களையும் எண்ணியவர் அவர். ஒரு தலை குறைந்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். நேற்று மூச்சு வாங்க வாங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு ஆளு இன்னும் மேல வரல கண்ணு, பாரு,” என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

கூட்டலில் எங்கும் தப்பில்லை. ஷைலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் எண்கள் தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

வாசலில் ஃப்ரெடி பெட்டி தூக்க ஆள் எண்ணினான். “மூணு, நாலு, அஞ்சு. ஒரு ஆளு கொறையுது! யாராச்சும் வாங்கப்பா!”

“டேய், உன்ன யார்றா எண்றது?” என்றார் பக்கத்து வீட்டு மாணிக்கராஜ். “அப்பிடியே உங்கப்பன்டா நீ. பஸ் டிக்கெட் எடுத்தாக்கூட தன்ன வுட்டுட்டுத்தான் எண்ணுவாரு.”

துக்க வீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

ஷைலா சிரிக்கவில்லை. அவள் கண் சுவரின் உச்சிக்குப் போனது. வரிசை இரண்டில் தொடங்கியது. இரண்டு, நாலு, எட்டு. எல்லா எண்ணையும் வகுக்கிற ஒன்று என்ற எண்ணை அவர் எழுதவே இல்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டுக்கு மேலே ஒன்று போட்டாள். இறங்கி வந்து, கீழே ஐந்தை அழித்து ஆறாக்கினாள். மிஞ்சிய சாக்பீஸ் துண்டை அப்பாவின் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

“மூடிக்கோ ஃப்ரெடி.”

கறுப்புக் கோட்டில் அவள் விரல் பட்ட இடம் வெள்ளையாக இருந்தது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை.