மைனஸ் மூன்று முதல் மூன்று வரை

முத்துச்செல்வம் முதுநிலை ஆசிரியர் தேர்வை மூன்றாவது முறையாக எழுதியிருந்தான். கணக்குப் பாடம். தென்காசியில் அவன் நடத்திவந்த டியூஷனில் சார்புகள் பாடத்துக்கென்றே பிளஸ் ஒன் பிள்ளைகள் வந்து சேருவார்கள். ஒரு சார்புக்குள் எந்தெந்த எண்களைப் போடலாமோ அது சார்பகம், போட்டால் என்னென்ன வெளியே வருமோ அது வீச்சகம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆரம்பிப்பான்.

விடைக்குறிப்பு வெளியான அன்று மாலை, ஒரு கேள்விக்குத் தப்பான விடை கொடுத்திருக்கிறார்கள் என்று மனைவி மஞ்சுவிடம் சொன்னான். ஒன்பதிலிருந்து x வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கும் சார்பு. அதன் சார்பகத்தைக் கேட்டிருந்தார்கள். பூஜ்யம் முதல் மூன்று வரை என்று அவன் குறித்திருந்தான். விடைக்குறிப்பிலோ மைனஸ் மூன்று முதல் மூன்று வரை என்றிருந்தது. ஆட்சேபம் அனுப்பப்போகிறேன் என்று உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மஞ்சுவும் பி.எஸ்சி. கணிதம் படித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டதில்லை. தோசைக்கல் காயும் நேரத்தில் மனசுக்குள்ளேயே மைனஸ் இரண்டைப் போட்டுப் பார்த்தாள். வர்க்கம் நான்கு, ஒன்பதில் கழித்தால் ஐந்து, அதற்கு மூலம் உண்டு. மைனஸ் மூன்றைப் போட்டால் பூஜ்யம். அதுவும் சரிதான். பூஜ்யம் முதல் மூன்று வரை என்பது வெளியே வருகிறவை. சார்பகத்தைக் கேட்டதற்கு அவன் வீச்சகத்தைக் குறித்துவிட்டு வந்திருக்கிறான். அவள் அடுப்பை அணைத்தாள். அவன் திரும்பி வந்தபோது அவள் இதைச் சொல்லவில்லை.

இறுதிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஒரே மதிப்பெண்ணில் போயிருந்தது. பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் மஞ்சுவின் அண்ணன் இசக்கிப்பாண்டி போனில் ஆறுதல் சொன்னார். கோர்ட்டுக்குப் போவேன் என்று அவரிடம் கத்தினான்.

மறுநாள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மஞ்சுவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் சாரலில் நனைந்தபடி நின்றார்கள்.

"விடைக்குறிப்பு சரிதான். கேள்விய நல்லாத்தான் படிச்சேன்," என்றான் அருவியைப் பார்த்துக்கொண்டே. "அந்த நேரத்துல எது சார்பகம், எது வீச்சகம்னு எனக்கே தெரியல. தெனமும் சொல்லிக்குடுக்குத விஷயம். மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல மஞ்சு."

"தெரியும்ங்க. அன்னைக்கே போட்டுப் பார்த்தேன்."

அவன் திரும்பினான். "பெறவு ஏன் சொல்லல?"

"அப்படிப் பேசிட்டு இருந்தீங்கன்னா கொஞ்சம் தெம்பா இருப்பீங்கன்னு..."

"அப்போ நான் கத்தினதையெல்லாம் பாவம்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, பிடிக்கவுமில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடமிருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதன்பின் போர்டில் ஒரு வரி எழுதினால் அவனுக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி விடை பார்த்தான். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக வராமல் நின்றுகொண்டார்கள். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே டியூஷனை மூடிவிட்டு இசக்கிப்பாண்டியின் கடையில் கணக்கெழுதப் போனான். டியூஷனை நான் எடுக்கட்டுமா என்று மஞ்சு கேட்டதற்கு, உன் இஷ்டம் என்றான். அந்தக் குரலைக் கேட்டபின் அவளுக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம் இசக்கிப்பாண்டி அவளைப் போனில் கூப்பிட்டார். "சின்னக் கூட்டலக்கூட, தாயி, மாப்ள என்கிட்ட நீட்டி, சரியா இருக்கான்னு கேக்காரு. எனக்குச் சங்கடமா இருக்கு. நீ ஒருவார்த்த சொல்லேன்."

சொல்லுதேன் என்று போனை வைத்தாள். சொல்லாமல் இருந்தும் பார்த்தாயிற்று, சொல்லியும் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.